தெரியாதுங்க மிஸ்

பள்ளி விடுதி, நாமக்கல்
23 ஜூன் 2024

அன்புள்ள அக்ஸி,

நல்லா இருக்கியா புள்ள? எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நாலு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். உன் ரெக்கார்டு நோட்டு அட்டையில சேலத்து அட்ரஸ் இருந்துச்சு. அதை வச்சுத்தான் எழுதறேன்.

இது வார்டன் மிஸ் கண்ணுல படாது. சமையலுக்கு வர்ற சின்னாயி அக்கா தபால்ல போட்டுருவாங்க. நீ பதில் போட்டா சேந்தமங்கலத்துல அவங்க ஊட்டு அட்ரஸுக்கே போடு. கீழ எழுதியிருக்கேன்.

பன்னெண்டாவது ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆச்சு. உன் கட்டில்ல பரமத்தியில இருந்து வந்த ஒரு புள்ள படுத்துக்குது. நல்ல புள்ளதான். ஆனா பீரியட் முடிஞ்சா இங்கிலீஷையும் மூடி வச்சுருது. அதுகிட்ட ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா, 'பரீட்சைக்கு வருமா?'ன்னு கேக்குது.

நம்ம பயிற்சிப் புத்தகம் என்கிட்டத்தான் இருக்குது. நீ கெளம்பின அவசரத்துல என் தலகாணிக்கு அடியிலயே விட்டுட்டுப் போயிட்டே. திருப்பி அனுப்பத்தான் நெனச்சேன், மனசு வரல. அதனால ஒவ்வொரு பாடமா கையால எழுதி, என் விடையையும் சேர்த்து உனக்கு அனுப்பறேன். கிராமர், வார்த்தைகள், மொழிபெயர்ப்பு, வாசிப்பு எல்லாமே வரும். ஐதராபாத் யுனிவர்சிட்டியில இங்கிலீஷ் படிக்கறதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து நுழைவுத் தேர்வு எழுதறதுன்னு சொல்லியிருந்தமே, அது இன்னும் இருக்குதுதானே?

மொழிபெயர்ப்புல எனக்கு ஒரு சந்தேகம். 'தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில உக்காந்து ரெண்டு பேரும் படிப்போம்.' இதுல 'படிப்போம்'ங்கறது முன்னாடி நடந்ததா, இனிமே நடக்கப் போறதா? தமிழ்ல ரெண்டுக்கும் அதே வார்த்தைதான் வருது. இங்கிலீஷ்ல எதைப் போடோணும்?

உன்
மஞ்சு


சேலம்
8 ஜூலை 2024

மஞ்சுளாவுக்கு,

பாடத்துக்கு விடை எழுதி இதனுள் வைத்திருக்கிறேன். நீ எழுதின விடைகளில் ஆறு தப்பு. சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். 'சின்ஸ்' எங்கே வரும், 'ஃபார்' எங்கே வரும் என்று பத்தாவதிலேயே படித்தோம். 'பிப்ரவரியிலிருந்து' என்றால் சின்ஸ். 'ஐந்து மாதமாக' என்றால் ஃபார்.

உன் சந்தேகத்துக்குப் பதில்: 'யூஸ்டு டு'. முன்பு இருந்து, இப்போது இல்லாமல் போன பழக்கத்துக்கு அதைத்தான் போட வேண்டும். 'வில்' போட்டால் தப்பு.

இனிமேல் எழுத வேண்டாம்.

அக்சிலியா


நாமக்கல்
4 ஆகஸ்ட் 2024

அக்ஸி,

எழுத வேண்டாம்னு எழுதியிருந்தே. ஆனா அதே உறைக்குள்ள விடைத்தாளும் இருந்துச்சு. அப்படின்னா அடுத்த பாடம் அனுப்பலாம்னு நானே எடுத்துக்கிட்டேன். கோவிச்சுக்காதே.

இந்தத் தடவை வாசிப்பு. ரெண்டு பக்கம், எழுதி எழுதிக் கை வலிச்சுப் போச்சு. கலங்கரை விளக்கத்துல தனியா வேலை பாக்கற ஒரு ஆளைப் பத்தி. துறைமுகத்தை மூடிட்டாங்க, கப்பல் எதுவும் வர்றதில்ல. அப்பவும் அந்த ஆளு தினமும் ஏறிப்போய் விளக்கைப் பொருத்தறாரு. ஏன் பொருத்தறாருன்னு கேள்வி. கடமைக்காகன்னு புத்தகத்துல விடை போட்டிருக்குது. எனக்கு அது சரியாப் படல. அவருக்குக் கீழ எறங்கிப் போறதுக்கு இடமில்ல, அதான் காரணம்னு நான் சொல்றேன்.

நீ இருந்திருந்தா இதுக்கே அரை மணி நேரம் சண்டை போட்டிருப்பே. பத்தியில மூணாவது வரியைக் காட்டு, அஞ்சாவது வரியைக் காட்டுன்னு என்னை வம்புக்கு இழுத்திருப்பே. விடைப்பகுதியைப் பார்த்து நான் எதையும் ஒத்துக்கறதில்ல அக்ஸி. உன்கிட்ட தோத்தாத்தான் ஒத்துக்குவேன்.

அங்க உன்கூட யாரு படிக்கறாங்க?

மஞ்சு


சேலம்
21 ஆகஸ்ட் 2024

மஞ்சுளா,

யாரும் இல்லை. கேட்டியே, அதுக்குப் பதில் இதுதான். புதுப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கு. பாதியில வந்து சேர்ந்தவள் ஏன் வந்தாள்னு எல்லாருக்கும் தெரியவும் தெரியும்.

கலங்கரை விளக்கத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதறே. பிப்ரவரி பதினெட்டாம் தேதியைப் பத்தி ஒரு வரி எழுதல. நீ எழுதாட்டி நான் எழுதறேன்.

ஃபோன் உன்னோடது. உன் பெட்டியை அடிக்கடி சோதிக்கறாங்கன்னு என் பெட்டியில வச்சே. ஞாயித்துக்கிழமை காலை ஸ்டடி நேரத்துல மணி அடிச்சது. வார்டன் மிஸ் என் பெட்டியைத் திறந்து எடுத்தாங்க. திரையில 'அப்பா'ன்னு இருந்தது. கூப்பிட்டது உன் அப்பா. அவங்க என் அப்பான்னு நினைச்சுட்டாங்க. நான் எதுவும் சொல்லாம உன்னைப் பார்த்தேன். நீயே சொல்வேன்னு நினைச்சேன்.

பிரின்சிபால் ரூமுக்கு உன்னையும் கூப்பிட்டாங்க. "இவகிட்ட ஃபோன் இருந்தது உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. நீ தரையைப் பார்த்துக்கிட்டு, "தெரியாதுங்க மிஸ்"ன்னே.

அதுக்கப்புறம் நான் என்ன சொல்ல முடியும்? என்னோடதுதான்னு சொன்னேன்.

மறுநாள் அப்பா கண்ணாடிக் கடைக்கு லீவு போட்டுட்டு வந்தாரு. மேசைமேல அந்த ஃபோன் இருந்தது. அவர் அதை அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. "உன்னோடதாம்மா?"ன்னு மட்டும் கேட்டாரு. ஆமான்னேன். அவங்க காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டாரு. சேலம் வர்ற வரைக்கும் பஸ்ல என் பையைத் தன் மடியிலயே வச்சிருந்தாரு.

நடத்தைச் சான்றிதழ்ல 'திருப்தியில்லை'ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. எந்த யுனிவர்சிட்டிக்குப் போனாலும் அதைக் காட்டணும். லீவுக்கு வர்றப்பல்லாம் எங்க மாதா கோயில் இங்கிலீஷ் பூசையில பைபிள் முதல் வாசகம் நான்தான் வாசிப்பேன், உனக்குத் தெரியும். இப்ப கடைசி பெஞ்சுல உக்காந்து வேற யாரோ வாசிக்கறதைக் கேக்கறேன்.

இந்தத் தடவை விடை எழுதல.

அக்சிலியா


திருச்செங்கோடு
6 அக்டோபர் 2024

அக்ஸி,

காலாண்டு லீவு முடிஞ்சு இன்னைக்குச் சாயங்காலம் விடுதிக்குப் போவோணும். ஒரு வாரமா இந்தத் தாளை எடுக்கறதும் வெக்கறதுமா இருந்தேன்.

அப்பா ஆழ்துளைக் கெணறு போடற ரிக் வண்டியோட சத்தீஸ்கர்ல கெடக்கறாரு. வருசத்துல பத்து மாசம் போர் போடற ஊருதான் அவருக்கு ஊடு. அம்மா போனதுக்குப் பொறவு எனக்கு இருக்கறது அவரு ஒருத்தருதான். விடுதி ஃபோன்ல ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிசம் குடுப்பாங்க. அந்த அஞ்சு நிமிசத்துல அவருக்கு டவர் இருக்காது. அதுக்குத்தான் அந்த ஃபோன். இது உனக்குத் தெரிஞ்ச கதை.

உன்கிட்டச் சொல்லாதது ஒண்ணு இருக்குது. என்னை விடுதியில சேர்க்கறப்ப அப்புசாமி பெரியப்பா எல்லாரு முன்னாடியும் சொன்னாரு: "பொட்டப்புள்ளைய நம்பி அனுப்பறோம். ஒரே ஒரு புகார் வந்துச்சுன்னா அன்னியோட படிப்பு முடிஞ்சுது. குமாரபாளையத்துல அத்தை ஊட்டுத் தறியில கொண்டுபோய் உட்டுருவேன்." அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

பிரின்சிபால் மிஸ் கேட்டப்ப பெரியப்பா மொகந்தான் முன்னால நின்னுச்சு. அந்த வார்த்தை வாயில வந்துருச்சு. வந்ததைத் திருப்பி முழுங்க முடியல. அப்படி ஆயிப்போச்சு அக்ஸி.

நீ பஸ் ஏறினதை மொட்டைமாடியில இருந்து பாத்தேன். நீ திரும்பிப் பாக்கல.

மஞ்சு


சேலம்
20 அக்டோபர் 2024

மஞ்சு,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். பெரியப்பா விஷயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே என்னோடதுன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. நம்ம ரெண்டு பேருக்கும் ஆயிரம் இங்கிலீஷ் வார்த்தை தெரியும், இதைப் பேசிக்கத் தெரியல.

ஆனா ஒண்ணு சொல்லணும். 'வாயில வந்துருச்சு', 'ஆயிப்போச்சு'. ரெண்டு வாக்கியத்திலயும் நீ இல்ல. பாஸிவ் வாய்ஸ் பாடத்துல என்ன படிச்சோம்? செஞ்சது யாருன்னு சொல்ல விருப்பமில்லைன்னா பாஸிவ் போடலாம். பள்ளிக்கூடம் எனக்குக் குடுத்த கடிதமும் அப்படித்தான் ஆரம்பிக்குது, 'ஒரு கைபேசி கண்டெடுக்கப்பட்டது'ன்னு. உன் வாக்கியங்களை ஆக்டிவ்ல மாத்தி எழுதிப் பாரு. எனக்கு அனுப்பணும்னு இல்ல.

நானும் ஒண்ணை மாத்தி எழுதறேன். ஃபோன் மணி அடிச்சதுன்னு போன கடிதத்துல எழுதினேன். அது தானா அடிக்கல. நீ எப்பவும் சத்தமில்லாமத்தான் வச்சிருப்பே. அன்னிக்குக் காலையில உன்னைக் கேக்காம நான்தான் எடுத்தேன். வாசிப்புப் பாடத்துல ஒரு வார்த்தையை எப்படி உச்சரிக்கணும்னு கேக்கறதுக்காகச் சத்தத்தைக் கூட்டினேன். திரும்பக் குறைக்க மறந்தேன். எட்டு மாசமா எல்லாத்தையும் உன் தலையில கட்டிட்டு, இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன்.

கலங்கரை விளக்கக்காரர் விஷயத்துல நீ சொல்றது தப்பு. ஏழாவது வரியைப் பாரு.

அக்ஸி


திருச்செங்கோடு
27 ஜனவரி 2025

அக்ஸி,

மூணு மாசமா எழுதல. செஞ்சுட்டு எழுதோணும்னு இருந்தேன்.

அப்பா பொங்கலுக்கு வந்தாரு. வெள்ளாமைக் காட்டுக்குப் போற வழியில எல்லாத்தையும் சொன்னேன். கடைசியில, "அந்தப் புள்ளையோட அப்பா என்ன வேலை பாக்கறாரு?"ன்னு கேட்டாரு. சொன்னேன். "நான் கூப்பிட்ட ஃபோனுக்கு அந்த மனுசன் கையெழுத்துப் போட்டிருக்கறாரு"ன்னு சொல்லிட்டு அப்படியே நின்னுட்டாரு. அப்பறம், "போய்ச் சொல்லிரு சாமி. அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன்"னாரு.

விடுதிக்குத் திரும்பின அன்னிக்கே பிரின்சிபால் ரூமுக்குப் போனேன்.

"மிஸ், அந்த ஃபோன் என்னோடதுங்க."

"எந்த ஃபோன்?"

"போன வருசம் அக்சிலியா பெட்டியில இருந்ததுங்க."

அவங்க பேனாவை மூடி வச்சாங்க. "பொதுத்தேர்வுக்கு அஞ்சு வாரந்தான் இருக்கு. நீ மாவட்டத்துல முதல் இடம் வருவேன்னு இருக்கோம். அந்தப் பொண்ணு போயாச்சு. இப்ப எதுக்கும்மா இதைக் கிளறுறே?"

"அவளுக்குச் சான்றிதழ் மாத்திக் குடுக்கோணுங்க."

"வாயில சொன்னா மாத்த முடியாது."

"எழுதியே குடுக்கறேனுங்க."

அங்கயே நின்னு இங்கிலீஷ்ல எழுதினேன். நாலே வாக்கியம். நான் அதைக் கொண்டுவந்தேன். நான் அதை அவள் பெட்டியில் ஒளித்தேன். என்னைக் கேட்டபோது நான் பொய் சொன்னேன். அவள் தண்டனை அனுபவிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலுலயும் 'நான்' இருக்குது. ஒரு எழுத்துப்பிழை இல்ல.

விடுதியில இருந்து அனுப்பிட்டாங்க. பொதுத்தேர்வு மட்டும் பஸ்ல வந்து எழுதிட்டுப் போயிக்கலாம். அப்பா, பெரியப்பாகிட்டப் பேசினாரு. ஆனா அவருக்கு லீவு முடிஞ்சு வண்டிக்குப் போயாகோணும். அவரு பஸ் ஏறினதும் பெரியப்பா சொல்லிட்டாரு, கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் குமாரபாளையம்னு.

என்னை மன்னிச்சுக்கோ. முதல் கடிதத்துல எழுதியிருக்க வேண்டியது. இப்பத்தான் எழுத வந்துச்சு. இல்ல, இப்பத்தான் எழுதறேன்.

இந்த அட்ரஸுக்குப் பதில் போடாதே. பெரியப்பா பிரிச்சுப் படிப்பாரு.

மஞ்சு


சேலம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள மஞ்சு,

நீ எங்க இருந்தாலும் சின்னாயி அக்கா மூலமா வந்து சேரும்னு நம்பி இதைப் போடறேன்.

சான்றிதழ் வந்துடுச்சு. நடத்தை: நன்று. அப்பா நேர்ல போய் வாங்கிட்டு வந்தாரு. இந்தத் தடவை அவரை உக்காரச் சொன்னாங்களாம். டீ குடுத்தாங்களாம். குடிக்காம வந்துட்டேன்னாரு.

வீட்டுக்கு வந்ததும், "அன்னிக்கு ஏம்மா உன்னோடதுன்னு சொன்னே?"ன்னு கேட்டாரு. ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கறாரு. "அவ என் ஃப்ரெண்டுப்பா"ன்னேன். "அது உன்னோடது இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். திரையில அர்த்தநாரீஸ்வரர் படம் இருந்துச்சே"ன்னாரு. அம்மா சிரிச்ச சிரிப்புல எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுட்டே இருந்தவ எப்ப அழ ஆரம்பிச்சேன்னு தெரியல.

போன ஞாயிறு நான் வாசகம் வாசிச்சேன். மைக்கைக் கிட்ட இழுக்க மறந்ததுல முதல் வரி யாருக்கும் கேட்டிருக்காது.

அப்பாவோட ஃபோன் நம்பர் கீழே இருக்கு. யார் ஃபோன்ல இருந்தாவது ஒரு தடவை கூப்பிடு. நீ எப்படி இருக்கேன்னு மட்டும் சொல்லு.

அக்ஸி


சேலம்
25 மே 2025

மஞ்சு,

போன கடிதத்துக்குப் பதிலே வரல. கிடைச்சுதான்னும் தெரியல.

நுழைவுத் தேர்வு எழுதிட்டேன். நாமக்கல் பிள்ளைங்களுக்கும் சேலத்துலதான் மையம்னு சொன்னாங்க. அதனால ஒன்பது மணித் தேர்வுக்கு ஏழு மணிக்கே போய் கேட் பக்கத்துல நின்னேன். வர்றவங்களை ஒவ்வொரு முகமா பார்த்தேன். நம்ம விடுதிப் பிள்ளைங்க நாலு பேர் வந்தாங்க. நீ வரல. கேட்டை மூடற நேரத்துல அப்பா, "உள்ள போம்மா"ன்னு என் தோளைத் தொட்டாரு.

விடுதியில நீ அப்பாவோட பேசி முடிக்கறப்ப, "உங்களத் தேடுதுங்கப்பா"ம்பே. நான் கிண்டல் பண்ணுவேன். தேடுதுன்னா எது தேடுது, எழுவாய் எங்கேன்னு கேப்பேன். 'ஐ மிஸ் யூ'ன்னு சொன்னா அதுல 'ஐ' இருக்கு, நீ சொல்றதுல ஆளையே காணோம்னு சொல்லிச் சிரிப்பேன். அது பாஸிவும் இல்ல, ஆக்டிவும் இல்ல. அந்தக் கேட் பக்கத்துல நிக்கறப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. நான் தேடல மஞ்சு. அதுவாத் தேடுது.

அக்ஸி


குமாரபாளையம்
22 ஜூன் 2025

அக்ஸி புள்ள,

சின்னாயி அக்கா பவானிக்குக் கோயிலுக்கு வந்தவங்க, காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து அத்தை ஊட்டைக் கண்டுபுடிச்சு உன் ரெண்டு கடிதத்தையும் குடுத்துட்டுப் போனாங்க. ரெண்டையும் ஒண்ணாப் படிச்சேன். தறிச் சத்தத்துல நான் அழுதது யாருக்கும் கேக்கல.

தேர்வுக்கு வரோணும்னுதான் இருந்தேன். டிசம்பர்லயே எங்க எல்லாருக்கும் பள்ளிக்கூடமே விண்ணப்பம் போட்டுருச்சு, பள்ளிக்கூட ஃபோன் நம்பர்ல. ஹால் டிக்கெட் எடுக்கறதுக்கு ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். ரெண்டு நாள் ஆபீஸ் வாசல்ல உக்காந்தேன். அந்த ஃபோனை வச்சிருக்கறவரு ஊர்ல இல்லைன்னே சொன்னாங்க. மூணாவது நாள் போகல. போயிருக்கோணும். நான் போகல.

பன்னெண்டாவதுல இங்கிலீஷ்ல தொண்ணூத்தெட்டு. மார்க்கைப் பாத்துட்டு அத்தை, பெரியப்பாகிட்ட ஒரே பேச்சாப் பேசிருச்சு, "காலேஜுக்குப் போகட்டும், மத்த நேரம் தறியப் பாக்கட்டும்"னு. இங்கயே அரசு காலேஜ்ல பி.ஏ. இங்கிலீஷ் சேர்றேன். காலையில தறி நாடாவுக்குப் போடற தார்க்குச்சியில நூலைச் சுத்திக் குடுத்துட்டுக் காலேஜ், வந்து மறுபடியும் தார். பாக்கெட்டுல வார்த்தை எழுதின சீட்டு வச்சுக்கறேன். ஒரு தார் முடியறதுக்குள்ள ஒரு வார்த்தை.

ஃபோன் பண்ணச் சொல்லியிருக்கே. அத்தைகிட்ட ஃபோன் இருக்குது. கேட்டாக் குடுக்கும். ஆனா என்னால முடியல. கடிதத்துல கிழிச்சுட்டு வேற எழுதிக்கலாம். உன் குரலைக் கேட்டு என்ன சொல்லுவேன்?

நீ கண்டிப்பா ஐதராபாத் போவே. போய்ட்டு எனக்கு எழுது.

மஞ்சு


ஐதராபாத்
7 டிசம்பர் 2025

அன்புள்ள மஞ்சு,

ஆகஸ்ட்ல நான் இங்க வர ரயில் ஏறற அன்னிக்குச் சேலம் ஜங்ஷனுக்கு வான்னு எழுதினேன். நீ வரல. சரி. அதைப் பத்திப் பேச வேண்டாம்.

இங்க வகுப்புல முப்பது பேர். பேசறவங்கல்லாம் ரொம்ப வேகமாப் பேசறாங்க. முதல் மாசம் நான் வாயே திறக்கல. போன வாரம் ஒரு கவிதைக்கு அர்த்தம் சொல்லச் சொன்னாங்க. எல்லாரும் ஒரு அர்த்தம் சொன்னாங்க, நான் வேற சொன்னேன். மேடம் எந்த வரியில இருக்குன்னு கேட்டாங்க. காட்டினேன். யாரும் எதுத்துப் பேசல. ஜெயிச்சுட்டு ரூமுக்கு வந்தேன், ஒண்ணுமே நல்லா இல்ல. என்னை எதிர்த்துப் பேச இங்க ஆள் இல்ல.

அடுத்த வருஷத்துக்கு விண்ணப்பம் திறந்திருக்காங்க. பன்னெண்டாவது முடிச்சு ஒரு வருஷம் ஆனவங்களும் எழுதலாம். விசாரிச்சுட்டேன். உன் பேர்ல கணக்கு ஆரம்பிச்சுட்டேன். பிறந்த தேதி, அப்பா பேர் எல்லாம் எனக்குத் தெரியும், போட்டேன். மார்க் ஷீட் நகலையும் ஒரு போட்டோவையும் தபால்ல அனுப்பு. கடைசித் தேதி ஜனவரி பத்து.

ஃபோன் நம்பர் கேட்டுச்சு. என் நம்பரைப் போட்டிருக்கேன், கீழேயும் எழுதியிருக்கேன். இனிமே உன் ஓடிபி எல்லாம் எனக்குத்தான் வரும். ஹால் டிக்கெட்டுக்கு, ரிசல்ட்டுக்கு, எல்லாத்துக்கும். அது பத்து நிமிஷந்தான் செல்லும் மஞ்சு. கடிதத்துல அனுப்ப முடியாது.

அக்ஸி


குமாரபாளையம்
16 டிசம்பர் 2025

அக்ஸி,

நகலும் போட்டோவும் இதுக்குள்ள இருக்குது. போட்டோவுல கண்ணு கொஞ்சம் மூடியிருக்கும். மூணு தடவை எடுத்தாங்க, மூணுலயும் அப்படித்தான்.

அப்பாகிட்டச் சொல்லிட்டேன். பெரியப்பாகிட்டயும் நானே போய்ச் சொன்னேன். அரை மணி நேரம் கத்துனாரு. நின்னு கேட்டுட்டு, "எழுதத்தான் போறேனுங்க பெரியப்பா"ன்னுட்டு வந்துட்டேன். பின்னால கத்தற சத்தம் தெரு முக்கு வரைக்கும் வந்துச்சு.

வர்ற ஞாயித்துக்கிழமை தறிக்கு லீவு. ஊடு அமைதியா இருக்கும். காலையில பத்து மணிக்கு அத்தை ஃபோன்ல இருந்து கூப்பிடறேன். நான் கூப்பிட்டு ஒண்ணும் பேசாம இருந்தேன்னா வெச்சுராதே புள்ள. எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

மஞ்சு